மருத்துவமனைத் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர்: எந்தப் பயிற்சிக்குப் போவது?

"இந்த வருஷம் பயிற்சிக்கு அனுப்புவதாக நிர்வாகம் சொல்லியிருக்கிறது. எதில் சேர்வதென்று புரியவில்லை." மருத்துவமனைகளில் தன்னார்வலர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இந்த வேலைக்கென்றே படித்து வந்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. ஒருவர் சீனியர் சிஸ்டராக இருந்தவர், ஒருவர் பி.ஆர்.ஓ., இன்னொருவர் டிரஸ்டி கேட்டுக்கொண்டதால் வந்து உட்கார்ந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஓ.பி.யில் வழிகாட்டும் அம்மாக்கள், சனிக்கிழமை வரும் கல்லூரிப் பிள்ளைகள், வார்டில் நோயாளியோடு பேச்சுத்துணைக்கு உட்காருபவர்கள் என்று ஐம்பது, நூறு பேர் ஒருவரின் கையில் இருப்பார்கள். அந்த ஒருவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று எந்த மீட்டிங்கிலும் பேச்சே வராது.

கையில் இருக்கும் வழிகள் ஐந்து: சொந்த மருத்துவமனைக்குள்ளேயே கற்பது, கேரளத்து ஆதரவு சிகிச்சை (தீராத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு) மையங்களுக்குப் போய்வருவது, சமூகப்பணிப் பட்டம் (எம்.எஸ்.டபிள்யூ.), வெளிநாட்டுச் சான்றிதழ் (சி.வி.ஏ. போன்றவை), சக ஒருங்கிணைப்பாளர்களோடு ஒரு வட்டம். ஒருநாள் பயிலரங்குகளும் ஆன்லைன் வகுப்புகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, கற்றது அடுத்த திங்கட்கிழமை வார்டில் உதவுமா என்பது. ஓர் உதாரணம். அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளியின் கட்டிலில் என்.பி.ஓ. (வாய்வழியாக எதுவும் தரக்கூடாது) என்று அட்டை தொங்குகிறது. புதிதாக வந்த தன்னார்வலர் அதைக் கவனிக்காமல், "பாவம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாமே" என்று காபி வாங்கிக் கொடுத்துவிடுகிறார். ஆபரேஷன் தள்ளிப்போகிறது. பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் கிடப்பவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம், தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இரண்டிலும் கொடுத்தவரின் மனதில் இருந்தது இரக்கம் மட்டுமே. அந்த இரக்கத்தைக் கெடுக்காமல் கையை மட்டும் நிறுத்தப் பழக்குவதுதான் ஒருங்கிணைப்பாளரின் வேலை. எந்தப் பயிற்சியையும் முதலில் இதற்கு உதவுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் இல்லாத நாட்களில் ரோஸ்டரை யார் பார்ப்பார்கள்? கட்டணத்தைவிடப் பெரிய செலவு இதுதான், எந்த பட்ஜெட்டிலும் இது ஏறாது. மூன்றாவது, படித்து வந்தபின் நிர்வாகம் உங்கள் பேச்சைக் கேட்குமா, ஹெச்.ஆர். உங்கள் கிரேடை மாற்றுமா? நான்காவது, மொழி. நம் தன்னார்வலர்களுக்குத் தமிழில் வகுப்பெடுக்கப் போகிறோம். ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் சொல்லித்தரும்படி மாற்றுவதே தனி உழைப்பு. கடைசியாக, பயிற்சி முடிந்த ஆறாவது மாதம் ஒரு சிக்கல் வந்தால் கூப்பிட்டுக் கேட்க அங்கே ஆள் இருப்பார்களா?

| வழி | காலம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| சொந்த மருத்துவமனைக்குள் | ஒரு மாதம், பகுதி நேரம் | மற்ற துறைகளின் நேரம் | பொறுப்புக்குப் புதியவர் |
| கேரள ஆதரவு சிகிச்சை மையங்கள் | சில நாள் முதல் சில வாரம் | மாற்று ஆள், மொழி | புற்றுநோய், முதியோர், வீட்டுப் பராமரிப்புத் திட்டங்கள் |
| எம்.எஸ்.டபிள்யூ. | இரண்டு வருஷம் | களப்பணி நாட்கள் | பதவி, சம்பளம் உயர நினைப்பவர் |
| சி.வி.ஏ. சான்றிதழ் | சில மாதத் தயாரிப்பு, தேர்வு | டாலர், ஆங்கிலம், புதுப்பித்தல் | அனுபவசாலி, வெளிநாட்டுத் தொடர்புள்ளவர் |
| சக ஒருங்கிணைப்பாளர் வட்டம் | தொடர்ந்து | கூட்டிச்சேர்ப்பவரின் உழைப்பு | எல்லோருக்கும் |

## சொந்த மருத்துவமனைக்குள் ஒரு மாதம்

இதற்குச் சான்றிதழ் கிடையாது, அதனால் யாரும் இதைப் பயிற்சி என்று எண்ணுவதில்லை. புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு முதலில் தேவைப்படுவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

வாரத்துக்கு இரண்டு அரை நாள் ஒதுக்குங்கள். முதல் வாரம் தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டருடன் வார்டு சுற்றுங்கள். கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்துத் தந்திருக்கிறது. தன்னார்வலர்கள் கோட்டைவிடுவது ஐந்தாவதை. நோயாளியைத் தொடாமல் கட்டில் கம்பியையும் மேசையையும் மட்டும் தொட்டிருப்பார்கள், அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். சிஸ்டருடன் ஒரு காலை நின்று பார்த்தால் இது கண்ணில் படும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 2016-ன் மருத்துவக் கழிவு விதிகள் சொல்லும் தொட்டிகளில் எது எதற்கு என்பதும் அங்கேயே பிடிபடும்.

அவரிடமே இன்னொன்றும் கேளுங்கள். தன்னார்வலர் கையில் ஊசி குத்திவிட்டால் என்ன நடைமுறை? ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் குத்தினால் யாரிடம் ஓட வேண்டும், மருந்துச் செலவு யார் கணக்கில்? பல இடங்களில் ஊழியர்களுக்கு இதற்குப் பதில் எழுதி வைத்திருப்பார்கள், தன்னார்வலர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அப்படித்தான். முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணை. மூன்றே மாதம் வந்து போகும் மாணவருக்கு அதைப் போடுவதா, போடவில்லையென்றால் எந்த வேலையிலிருந்து அவரை விலக்கி வைப்பது? இதற்கு விடை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. உங்கள் மருத்துவமனையில் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது சட்டம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் ஊழியர் என்று யாரைச் சொல்கிறது என்று பாருங்கள். ஊதியம் வாங்காமல் தன்னார்வமாக வேலை செய்பவரும் அதில் அடக்கம். அதாவது உங்கள் தன்னார்வலர் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடம் புகார் கொடுக்கலாம், அவர் மீதும் புகார் வரலாம். குழந்தைகள் வார்டுக்கு ஆள் அனுப்பினால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம் தெரிந்திருக்க வேண்டும். குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே அதில் தண்டனைக்குரியது. ஒருவரின் ஹெச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லக்கூடாது என்பது 2017-ன் சட்டம். உங்கள் சட்ட ஆலோசகரோ குவாலிட்டி பிரிவோ ஒரு மதியம் உட்கார்ந்தால் இவற்றை முடித்துவிடலாம்.

குறை என்ன? தங்கள் மருத்துவமனையில் நடப்பதுதான் சரி என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்து. நல்ல திட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் தன் திட்டத்தின் ஓட்டைகள் யாருக்கும் தெரியாது. மறைந்த செலவும் உண்டு. தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் முன்கூட்டியே பேசி நாள் குறிக்காவிட்டால் இரண்டாவது வாரமே கைவிட்டுப் போகும்.

## கோழிக்கோடும் திருவனந்தபுரமும்

தன்னார்வலர்களை நோயாளியின் அருகில் வைத்து வேலை வாங்குவதில் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடம் கேரளம். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைச் சங்கம்தான் அதன் வேர். பின்னர் மலப்புறம் பகுதியில் அக்கம்பக்கத்து மக்களே நோயாளிகளைக் கண்டுபிடித்துப் பார்த்துக்கொள்ளும் வலைப்பின்னலாக அது விரிந்தது. 2008-ல் மாநில அரசு ஆதரவு சிகிச்சைக்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற ஆதரவு சிகிச்சை அமைப்பு திருவனந்தபுரத்தில் இருக்கிறது. கோழிக்கோட்டின் ஆதரவு சிகிச்சை நிறுவனம், பாலியம் இந்தியாவின் பயிற்சி நிறுவனம் இரண்டுமே உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து செயல்படும் மையங்கள்.

அங்கே கற்க வேண்டியது வடிவமைப்பை. அந்த வலைப்பின்னலில் தன்னார்வலருக்கான பயிற்சி 16 மணி நேர உரையாடல் வகுப்பு, அதற்குமேல் மேற்பார்வையில் நான்கு நாள் களம். நம் ஊரில் பல இடங்களில் ஒரு மணி நேரப் பேச்சு, ஐடி கார்டு, அப்புறம் நேராக வார்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எங்கே குறைகிறோம் என்பது தெரிந்துவிடும். வீட்டுப் பராமரிப்புக் குழுவோடு ஒரு நாள் போய்வாருங்கள். நர்ஸ் புண்ணுக்குக் கட்டுப்போடும்போது தன்னார்வலர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அவர் நோயாளியின் மனைவியைத் தனியாக அழைத்துப்போய், வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறானா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். யார் எதைச் செய்வது, யார் எதில் கை வைக்கக்கூடாது என்ற கோடு அங்கே தெளிவாக இருக்கும்.

இனி எச்சரிக்கை. கேரளத்து அமைப்பில் தன்னார்வலர்கள்தான் அமைப்பின் உரிமையாளர்கள். நிதி திரட்டுவதும் கிளினிக் நடத்துவதும் அவர்களே. நம் மருத்துவமனைகளில் அவர்கள் நிர்வாகத்தின் விருந்தினர்கள். அங்கே பார்த்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து, "தன்னார்வலர்களே முடிவெடுக்கட்டும்" என்று மேட்ரனிடம் போய் நின்றால் காரியம் நடக்காது. நோயாளி வீட்டில் பேச்செல்லாம் மலையாளத்தில். முக்கால்வாசி புரியும், ஆனால் சாவை நெருங்கியவரிடம் பேசும் பேச்சில் புரியாத அந்தக் கால்வாசியில்தான் விஷயம் இருக்கும். முடிந்தால் மலையாளம் தெரிந்த ஒரு சிஸ்டரையும் கூட்டிப் போங்கள். திரும்பி வந்து இருவருமாக மாற்றம் கொண்டுவருவதும் சுலபம்.

உங்கள் திட்டம் ஓ.பி.யில் வழிகாட்டுவது, படிவம் நிரப்ப உதவுவது என்ற அளவில்தான் என்றால் இந்தப் பயணம் இப்போதைக்கு அவசியமில்லை. முகாம்கள் நடத்தும் கண் மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பயிற்சி நிறுவனமான லைக்கோ இன்னும் பொருத்தமான இடம். ஊர்ச் சங்கங்களையும் உள்ளூர் ஆட்களையும் வைத்து முகாம் நடத்தும் வேலையை அரவிந்த் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறது.

## எம்.எஸ்.டபிள்யூ.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936-ல் பம்பாயில், இன்று டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) என்று அறியப்படும் நிறுவனத்தில் தொடங்கியது. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-ல் வந்தது. அதைத் தொடங்கியவர் மேரி கிளப்வாலா ஜாதவ். தன்னார்வத் தொண்டிலேயே வாழ்க்கையைச் செலவிட்ட ஒருவர், இந்த வேலைக்கு முறையான படிப்பு வேண்டும் என்று நினைத்ததை நம் துறையில் இருப்பவர்கள் மறக்கக்கூடாது.

மருத்துவ, மனநலச் சமூகப்பணிப் பிரிவை எடுத்துப் படித்தால் நோயாளியையும் குடும்பத்தையும் பார்க்கும் கண்ணே மாறும். நேர்காணல், குழுவோடு வேலை செய்தல், பதிவேடு எழுதுதல் எல்லாம் முறையாக வரும். எண்பது பேருக்கு ரோஸ்டர் போடுவது, மூன்று வாரம் வராத அம்மாவை எப்படித் திரும்ப வரவைப்பது, அளவுமீறிப் பேசும் நல்ல மனுஷரை எப்படி மரியாதையாக வெளியே அனுப்புவது என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் பெரிதாக இருக்காது.

மறைந்த செலவு களப்பணி. வேலையில் இருந்துகொண்டே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் படித்தாலும் களப்பணியிலிருந்து தப்ப முடியாது. சேர்வதற்கு முன்பே, என் மருத்துவமனையிலேயே களப்பணி செய்ய அனுமதி உண்டா, வேறு இடத்துக்குத்தான் போக வேண்டுமா என்று கல்வி மையத்தில் கேட்டுவிடுங்கள். ஹெச்.ஆரிடமும் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்: பட்டம் வாங்கினால் பதவி மாறுமா? "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் இரண்டு வருஷத்தை அதை நம்பிப் போடாதீர்கள். நாற்பது வயதுக்குள் இருந்து இந்தத் துறையிலேயே தொடர நினைப்பவருக்கு, நிர்வாகம் கைகொடுக்காவிட்டாலும், இது வேறு மருத்துவமனைக் கதவுகளைத் திறக்கும். ஓய்வுக்குப்பின் சேவையாக வந்தவருக்குத் தேவையில்லை.

## வெளிநாட்டுச் சான்றிதழ்கள்

சி.வி.ஏ. என்பது தன்னார்வலர் நிர்வாகத்துக்கென்றே இருக்கும் சர்வதேசச் சான்றிதழ். மருத்துவமனை, அருங்காட்சியகம், தொண்டு நிறுவனம் என்று எங்கே வேலை செய்பவரும் எழுதலாம். முழுநேரக் கணக்கில் மூன்று வருஷ அனுபவம் கேட்பார்கள், தேர்வு ஆங்கிலத்தில், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதன் பலம், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுவது. திட்டமிடல், ஆள் சேர்த்தல், தயார்செய்தல், பதிவு, பலனை அளத்தல், பாராட்டித் தக்கவைத்தல் என்று போகும். பத்து வருஷமாகக் கைப்பழக்கத்தில் செய்ததையெல்லாம் வரிசையாகப் பார்க்கும்போது, நாம் ஒருபோதும் செய்யாதது எது என்று தெரியும். பெரும்பாலும் அது பலனை அளப்பது.

கட்டணம் டாலரில், சில நூறு. புதுப்பிக்க மறுபடி செலவு. அதைவிட முக்கியம், நம் ஊர் நிர்வாகிகள் பலருக்கு இந்த மூன்றெழுத்து என்னவென்றே தெரியாது. ஆகவே இதை எடுத்தால் கிரேடு ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளிநாட்டு நிதி பெறும் மருத்துவமனையில் இருந்தால், அல்லது குடும்பத்தோடு வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் பயன்படும்.

அமெரிக்காவில் இதே வேலையில் இருக்கும் தமிழர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே மருத்துவமனைத் தன்னார்வலர் நிர்வாகிகளுக்கென்றே சி.ஏ.வி.எஸ். என்ற தனிச் சான்றிதழ் உண்டு. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் பணம் பெறும் ஹாஸ்பிஸ்களில் (வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்பு அமைப்புகளில்) ஊழியர்கள் நோயாளிகளைக் கவனிக்கும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்கு ஈடாகத் தன்னார்வலர்களின் நேரம் இருந்தாக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. தன்னார்வலர் இல்லாமல் நிறுவனமே ஓட முடியாத இடத்தில் அவர்களை நிர்வகிப்பவரின் தகுதிக்கு மதிப்பு இருப்பது இயல்பு. அங்கே இருப்பவர்கள் சி.ஏ.வி.எஸ். எடுக்கலாம் என்பேன். இங்கே இருப்பவர்களுக்கு அதன் பாதிப் பாடம் அமெரிக்க விதிகளாகவே போய்விடும்.

## சக ஒருங்கிணைப்பாளர் வட்டம்

ஒரே ஊரில் நான்கைந்து மருத்துவமனைகளில் தன்னார்வலர் திட்டம் இருக்கும், ஆனால் அவற்றை நடத்துபவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். இந்தத் தனிமை எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை இங்கிலாந்தின் அனுபவம் காட்டுகிறது. டி.வி. பிரபலமான ஜிம்மி சாவில் 1968 முதல் லீட்ஸ் பொது மருத்துவமனையில் தன்னார்வலராகத் தள்ளுவண்டி தள்ளியவர். அவர் பல மருத்துவமனைகளில் நோயாளிகளையும் குழந்தைகளையும் பாலியல் கொடுமை செய்தது அவர் இறந்தபிறகுதான் வெளியே வந்தது. அதன்பின் அந்த மருத்துவமனைகளில் நடந்த விசாரணைகளிலிருந்து கற்க வேண்டியதை அரசுக்காகத் தொகுத்து 2015 பிப்ரவரியில் கேட் லாம்பார்ட் அறிக்கை கொடுத்தார். தன்னார்வலர்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது பாதுகாப்புப் பயிற்சியைப் புதுப்பிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கூடவே, தன்னார்வலர் சேவை மேலாளர்களுக்கு வளர்ச்சி வாய்ப்புகள் வேண்டும், அவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகவும் கற்கவும் போதிய வசதியுள்ள ஒரு மன்றம் வேண்டும் என்றும் பரிந்துரை இருக்கிறது.

செல்வாக்குள்ள ஒரு நன்கொடையாளர், "நான் தினமும் குழந்தைகள் வார்டுக்கு வருகிறேன், என்னிடம் எதற்கு ஐடி கார்டு, படிவம்?" என்று கேட்டால், ஒற்றை ஆளாக நிற்கும் ஒருங்கிணைப்பாளரால் மறுக்க முடியுமா? ஊரில் உள்ள ஐந்து மருத்துவமனைகளிலும் ஒரே விதி என்று சொல்ல முடிந்தால் அவருக்கு முதுகெலும்பு கிடைக்கும்.

மாதம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் போதும். ஆளுக்கொரு சிக்கலைக் கொண்டுவர வேண்டும், நோயாளி பெயரோ தன்னார்வலர் பெயரோ இல்லாமல். சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003-ல் நியூ மெக்சிகோவில் தொடங்கிய எக்கோ முறையும் இப்படித்தான். ஒருவர் தன் கேஸை முன்வைப்பார், நிபுணர்களும் சகாக்களும் திரையில் கூடிப் பேசுவார்கள். பாலியம் இந்தியா அந்த முறையில் வகுப்புகள் நடத்துகிறது, ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் நடைமுறை பிடிபடும். வட்டத்தில் பேச வேண்டிய சிக்கலுக்கு உதாரணமாகத் தேசிய நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) மாணவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் முடிக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள், தேர்வு வந்தால் மொத்தமாகக் காணாமல்போவார்கள். அந்த இடைவெளியை ஒரு மருத்துவமனை எப்படிச் சமாளித்தது என்பதைக் காசு கொடுத்து எந்த வகுப்பிலும் கற்க முடியாது.

இதன் பலவீனம், யாராவது ஒருவர் தூக்கிச் சுமக்க வேண்டும் என்பது. அவர் மாற்றலாகிப் போனால் வட்டம் கலைந்துவிடும். வாட்ஸ்அப் குழுவோடு நின்றால் காலை வணக்கப் படங்களில் போய் முடியும். இரண்டு பேர் மாறி மாறிக் கூட்டினால் தாங்கும்.

## பயிலரங்கு, ஆன்லைன்

ஒருநாள் பயிலரங்கு ஆட்களைச் சந்திக்க நல்லது. கற்பதற்கு அந்த ஒரு நாள் போதாது. ஆன்லைன் வகுப்புகளில் தகவல் கிடைக்கும். வருத்தத்தில் இருக்கும் குடும்பத்திடம் பேசப் பழகுவது ஆள் எதிரே இருந்தால்தான் வரும். இவற்றுக்கு மட்டும் பயிற்சிப் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள்.

## என் வரிசை

பொறுப்பேற்று ஒரு வருஷம் ஆகாதவர் முதலில் உள்ளேயே ஒரு மாதம், அதோடு வட்டம். இரண்டாம் வருஷம், நோயாளி அருகில் தன்னார்வலர்களை உட்கார வைக்கும் திட்டமென்றால், கேரளம். ஐந்து வருஷம் தாண்டியவருக்குத்தான் பட்டமா சான்றிதழா என்ற கேள்வியே வரும். இங்கேயே இருக்கப் போகிறவருக்கு எம்.எஸ்.டபிள்யூ., வெளியே போகிறவருக்கு சி.வி.ஏ. ஒரு விதிவிலக்கு உண்டு: ஏற்கெனவே பிரச்சினை வெடித்துவிட்ட மருத்துவமனை, அதாவது தன்னார்வலர் மீதோ தன்னார்வலரிடமிருந்தோ புகார் வந்திருக்கும் இடம். அங்கே எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் சட்டமும் நடைமுறையும்தான் முதல் பாடம், அதை உள்ளேயே உடனே தொடங்க வேண்டும்.

நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதும்போது கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். நான் இல்லாத நாட்களில் ரோஸ்டரைப் பார்ப்பவர் பெயர் இது, அவருக்கு அந்த நாட்களில் தன் வழக்கமான வேலையிலிருந்து விடுப்பு வேண்டும், திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள் நான் மாற்றப்போவது இந்த ஒன்று என்று மூன்று வரி சேருங்கள். அந்த ஒன்று சின்னதாகவே இருக்கட்டும். என்.பி.ஓ. அட்டையைப் படிக்கத் தெரியாத தன்னார்வலர் வார்டுக்குள் போகக்கூடாது என்ற அளவில் இருந்தால் போதும், மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் கையெழுத்துப் போட்டுவிடுவார்.